பனிக்காலத்திலும் நிறம் தரும் செடி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டங்கள் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கின்றன. இந்நாடுகள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளதால் இங்குப் பகல் எப்போதும் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் குறைவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் குரோட்டன்ஸ் செடி ஜனவரியில் எப்படி இருக்கிறதோ ஏறக்குறைய அப்படியே ஜூலையிலும் இருக்கிறது.

பிரிட்டனில் நிலைமை வேறு. டிசம்பர் மாதத்தில் லண்டன் நகரில் காலை 8 மணியளவில்தான் சூரியன் உதிக்கிறது. பிற்பகல் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. பெரும்பாலான மரஞ்செடிகள் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. தோட்டத்தில் எங்குப் பார்த்தாலும் பழுப்பும் சாம்பல் நிறமுமே தெரிகின்றன. இந்த நிலை ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ முடிவதில்லை; மாதக்கணக்கில் நீடிக்கிறது. வீட்டுத் தோட்டம் சிறியதாக இருந்தால், எந்தச் செடிக்கு இடம் ஒதுக்குவது என்று தோட்டக்காரர் ஆழ்ந்து யோசிக்க வேண்டியுள்ளது. இரண்டு வாரம் மட்டும் பூத்துவிட்டு மற்ற நாள்களில் வெறும் புதராக நிற்கும் செடியைவிட, ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஓர் அழகைத் தரும் செடியையே அவர் விரும்புவார்.

அத்தகைய செடிகளுள் ஒன்று டாக்வுட். அதிலும் வெள்ளை ஓரம் கொண்ட இலைகளை உடைய டாக்வுட், பிரிட்டிஷ் தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படுகிறது. ஆனால், இது நான்கு பருவங்களிலும் அழகு தர வேண்டும் என்றால், இதை நட்டுவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது, எப்போது வெட்டுவது என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செடியின் பிறப்பும் இயல்பும்

இச்செடியின் அறிவியல் பெயர் கார்னஸ் ஆல்பா. ‘ஆல்பா’ என்பது வெள்ளை என்று பொருள்படும் இலத்தீன் சொல். சிவந்த தண்டுகளை உடைய செடிக்கு இப்படி ஒரு பெயரா என்று வியப்பாக இருக்கலாம். இதன் சிறிய பழங்கள் வெள்ளையாக இருப்பதை அப்பெயர் குறிக்கிறது. சைபீரியா, வடசீனா, கொரியா ஆகிய குளிர்ப் பகுதிகளே இதன் தாயகம். அதனால் கடும் பனியையும் இது எளிதில் தாங்குகிறது.

இது மரம் அன்று. அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும் புதர்ச்செடி. வெட்டாமல் விட்டால் 2 முதல் 3 மீட்டர் உயரம்வரை வளரும். இலைகள் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக, எதிரெதிரே அமைந்திருக்கும். இலையின் நரம்புகள் ஓரத்தை நெருங்கும்போது நுனியை நோக்கி வளைந்து செல்லும்.

டாக்வுட் இலையை அடையாளம் காண எளிய சோதனை ஒன்று உண்டு. இலையின் குறுக்கே மெல்லக் கிழித்து, இரண்டு பாதிகளையும் மெதுவாகப் பிரித்தால், நடுவே நூல் போன்ற மெல்லிய இழைகள் தோன்றும். கீழ்ப்பாதி கீழே விழாமல் அந்த இழைகளில் தொங்கும். நீரைக் கொண்டு செல்லும் நுண்குழாய்களின் சுவரில் உள்ள சுருள்கள் நீண்டு வருவதால் இப்படி நிகழ்கிறது.

தோட்டங்களில் வளர்க்கப்படும் இருநிற இலை வகைகளுள் ‘எலிகன்டிஸ்ஸிமா’ பெயர் பெற்றது. இதன் இலையின் நடுப்பகுதி சாம்பல் கலந்த பச்சை, ஓரம் வெள்ளை. ‘சைபீரிகா வேரிகேட்டா’ என்பது இதைவிடச் சிறிய வகை; இடம் குறைந்த தோட்டத்துக்கு ஏற்றது. பெர்லின் நகரின் ஸ்பேத் நாற்றங்காலின் பெயரைத் தாங்கிய ‘ஸ்பேத்தி’ வகையின் இலைகளுக்கோ மஞ்சள் ஓரம் இருக்கும்.

பருவத்துக்கு ஒரு தோற்றம்

வசந்தகாலத்தில் சிவந்த தண்டுகளின் கணுக்களில் இலைகள் விரிகின்றன. வெள்ளை ஓரம் அப்போதே தெளிவாகத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் சிறிய வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூக்கின்றன. தேனீக்கள் அவற்றைத் தேடி வருகின்றன.

கோடைக்காலத்தில் இலைகளே செடியின் அழகு. மற்ற செடிகளின் அடர்ந்த பச்சைக்கு நடுவே வெள்ளை ஓர இலைகள் பளிச்சென்று தெரியும். சற்று நிழலான மூலையில் நட்டால்கூட அந்த இடம் வெளிச்சமாக இருப்பதுபோல் தோன்றும். கோடையின் பிற்பகுதியில் நீலச்சாயல் படிந்த வெள்ளைப் பழங்கள் காய்க்கின்றன. அவை பறவைகளுக்கு உணவாகின்றன.

இலையுதிர்காலத்தில் பச்சை மறைந்து, இலைகளில் மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா போன்ற நிறங்கள் தோன்றுகின்றன. எந்த நிறம் மேலோங்கும் என்பது வகையையும் அவ்வாண்டின் வானிலையையும் பொறுத்தது.

மற்ற செடிகளின் அழகு முடியும் நேரத்தில் டாக்வுட்டின் சிறந்த பருவம் தொடங்குகிறது. இலைகள் உதிர்ந்த பிறகு, அதுவரை மறைந்திருந்த சிவந்த தண்டுகள் வெளியே தெரிகின்றன. குளிர்காலச் சூரியன் வானில் தாழ்வாகவே செல்லும். அந்தச் சாய்ந்த ஒளி பட்டதும் தண்டுகள் தணல்போல் ஒளிரும். தரையில் பனி படிந்திருந்தால் சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்துக்கென்றே ஒரு தோட்டப் பகுதி உள்ளது. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஆங்கிள்சி அபி தோட்டத்திலும் அத்தகைய நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. சிவந்த டாக்வுட் தண்டுகளையும் வெண்ணிற அடிமரம் கொண்ட இமாலய பெர்ச் மரங்களையும் காண மக்கள் கடுங்குளிரிலும் அங்கு வருகின்றனர்.

வெள்ளை ஓரம்: அழகா, இழப்பா?

மனிதரின் கண்ணுக்கு அழகாகத் தெரியும் வெள்ளை ஓரம், செடியைப் பொறுத்தவரை ஓர் இழப்பாகும். இலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள பச்சையம். சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்க அது இன்றியமையாதது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அங்கு உணவு உற்பத்தி நடைபெறுவதில்லை. அப்பகுதிக்குத் தேவையான உணவையும் நடுவிலுள்ள பச்சைப் பகுதியே தயாரித்துத் தர வேண்டியிருக்கிறது. அதனால்தான் இருநிற இலை கொண்ட வகைகள், முழுப் பச்சை இலை கொண்ட வகைகளைவிடப் பொதுவாக மெதுவாக வளர்கின்றன.

இந்த வெள்ளை ஓரம் எப்படி உண்டாகிறது? செடியின் வளரும் நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் இலையின் ஒவ்வொரு பகுதி உருவாகிறது. அவற்றுள் ஓர் அடுக்கு பச்சையத்தை உண்டாக்கும் திறனை இழந்துவிட்டால், அதிலிருந்து தோன்றும் பகுதி வெள்ளையாகிவிடுகிறது. மற்ற அடுக்குகளிலிருந்து தோன்றும் பகுதி பச்சையாகவே இருக்கிறது. வெள்ளை ஓர இலைகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

இந்த அடுக்கமைப்பு எப்போதும் நிலையாக இருப்பதில்லை. சில நேரங்களில் ஒரு கிளையில் மட்டும் முழுப் பச்சை இலைகள் தோன்றும். பார்ப்பதற்கு அது நலமான கிளையாகவே இருக்கும். உண்மையில் அதுதான் செடியிலேயே வலிமையான கிளை. இலை முழுவதும் உணவு தயாரிப்பதால் அது மற்றக் கிளைகளைவிட விரைந்து வளரும். கவனிக்காமல் விட்டால், சில ஆண்டுகளில் பச்சைக் கிளைகள் பெருகி, வெள்ளை ஓரக் கிளைகளை நிழலில் தள்ளிவிடும். ஆகவே, முழுப் பச்சைக் கிளையைக் கண்டவுடன் அது தொடங்கும் இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். இயற்கை அந்தச் செடியைப் பச்சை நிறத்துக்குத் திருப்பப் பார்க்கிறது. வெள்ளை ஓரத்தை நிலைக்கச் செய்வது தோட்டக்காரரின் கவனமே.

சிவப்பு நிறத்தின் பணி

வெள்ளை நிறம் ஒன்று இல்லாததால் தோன்றுகிறது. சிவப்பு நிறமோ செடி தானே தயாரிக்கும் பொருளால் தோன்றுகிறது. அந்தப் பொருளின் பெயர் அந்தோசயனின். டாக்வுட் தண்டின் பட்டையிலும் இலையுதிர்கால இலைகளிலும் இந்த நிறமி உள்ளது. வெயில் நன்றாகப் படும் பக்கத்தில் தண்டின் சிவப்பு கூடுதலாக இருப்பதைக் காணலாம்.

உதிரப்போகும் இலைக்கு ஒரு செடி ஏன் புதிதாக நிறமியைச் செலவிட வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய அறிவியலாளர்களுள் ஒருவரான டேவிட் லீக்கும் மலேசியாவுக்கும் தொடர்பு உண்டு. அவர் 1970களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, மழைக்காட்டுச் செடிகளின் சிவந்த தளிர்களும் நீலமாக மின்னும் இலைகளும் அவருடைய கவனத்தை ஈர்த்தன. பின்னர் அமெரிக்காவில் அவரும் டெய்லர் ஃபீல்டு, மிஷெல் ஹோல்புரூக் ஆகியோரும் சேர்ந்து, கார்னஸ் ஆல்பாவின் நெருங்கிய உறவான வட அமெரிக்கச் சிவப்பு டாக்வுட்டை ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர்கள் சிவந்த இலைகள்மீதும் மஞ்சளான இலைகள்மீதும் வலிமையான நீல ஒளியைப் பாய்ச்சினர். பின்னர் அந்த இலைகள் எவ்வாறு மீள்கின்றன என்று கவனித்தனர். சிவந்த இலைகள் மஞ்சள் இலைகளைவிட நன்றாக மீண்டன. அந்தோசயனின் உறிஞ்சாத சிவப்பு ஒளியைப் பாய்ச்சியபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. அந்த நிறமி, கூடுதல் ஒளியைத் தடுக்கும் திரையாகச் செயல்படுகிறது என்பதை இச்சோதனை காட்டியது. இலை உதிர்வதற்கு முன் அதிலுள்ள சத்துகளைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த வேலை முடியும்வரை இலையைக் காக்கும் குடையாகச் சிவப்பு நிறம் உதவுகிறது என்று அவர்கள் விளக்கினர்.

நடும் முறை

டாக்வுட் பல வகை மண்ணிலும் வளரும். பல செடிகளுக்கு ஒவ்வாத ஈரமான களிமண்ணிலும் அது செழிக்கும். அதனால் குளக்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் இதை நடுகின்றனர். நீரில் விழும் அதன் நிழலும் சிவந்து தெரிவது கூடுதல் அழகு. ஓரளவு நிழலையும் இது தாங்கும். எனினும், தண்டுகள் நன்றாகச் சிவக்க வேண்டும் என்றால் வெயில் படும் இடமே சிறந்தது.

இலைகள் உதிர்ந்து, செடி உறக்கநிலையில் இருக்கும் நவம்பர் முதல் மார்ச்வரையிலான காலம் நடுவதற்கு ஏற்றது. மண் உறைந்திருக்கும் நாள்களில் மட்டும் நடக்கூடாது. வேர்கள் தாராளமாகப் பரவும் அளவுக்கு அகலமான குழியைத் தோண்ட வேண்டும். செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, நீர் ஊற்ற வேண்டும். வேர்ப்பகுதியைச் சுற்றி மக்கிய இலைகளை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். முதல் ஆண்டுக் கோடையில் மண் காயாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

செடியை வீட்டின் சன்னலிலிருந்து தெரியும் இடத்தில் நடுவது நல்லது. குளிர்காலத்தில் மக்கள் தோட்டத்தில் உலவுவது குறைவு. சன்னல் வழியாகப் பார்ப்பதே அதிகம். பின்னணியில் கரும்பச்சை இலை கொண்ட செடியும், அடியில் பனிக்காலத்திலேயே பூக்கும் ஸ்னோடிராப் போன்ற சிறு செடிகளும் இருந்தால் சிவப்பு மேலும் எடுத்துக்காட்டும்.

வெட்டுவதும் விடுவதும்

டாக்வுட் வளர்ப்பில் மிக முக்கியமான வேலை கவாத்து. கிளைகளை முறைப்படி வெட்டிச் செடியைப் புதுப்பிப்பதே கவாத்து எனப்படும். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் கவாத்து செய்யப்படுவதுண்டு. வயதான தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டால்தான் புதிய தளிர்கள் கிடைக்கும். அறுத்த கரும்பின் அடிக்கட்டை மீண்டும் துளிர்ப்பதும் அதே இயல்பினால்தான்; அதை மறுதாம்பு என்பர்.

டாக்வுட்டின் இளந்தண்டுகளே நல்ல சிவப்பாக இருக்கும். வயது கூடக்கூட, பட்டை தடித்துச் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறமாக மாறிவிடும். பல ஆண்டுகள் வெட்டாத செடியில் உச்சியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு எஞ்சியிருக்கும். ஆகவே, குளிர்கால நிறத்துக்காக இதை வளர்ப்போர், மார்ச் மாத இறுதியில் எல்லாத் தண்டுகளையும் தரையிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுகின்றனர். புதிதாகத் தோட்டம் போடுபவர் கத்தரியைக் கையில் எடுத்துத் தயங்குவது இயல்பே. நலமாக நிற்கும் செடியைத் தரைமட்டமாக வெட்டினால் அது பட்டுப்போகாதா என்ற அச்சம் அவருக்கு எழும்.

நன்கு வேரூன்றிய செடி பட்டுப்போவதில்லை. கோடையில் தயாரித்த உணவில் ஒரு பகுதியைச் செடி வேரிலும் தூரிலும் சேமித்து வைத்திருக்கிறது. துளிர்க்கத் தொடங்கும் முன் தண்டுகளை வெட்டினால், அந்தச் சேமிப்பு முழுவதும் புதிய தண்டுகளுக்குச் செல்கிறது. வீரியமான வகைகளில் அவை ஒரே கோடையில் 1 மீட்டருக்கும் மேல் வளர்ந்துவிடும். இலையுதிர்காலத்திலேயே வெட்டினால் குளிர்காலத்தில் பார்க்கத் தண்டுகள் இருக்காது. இலைகள் விரிந்த பிறகு வெட்டினாலோ, செடி ஏற்கனவே செலவிட்ட உணவு வீணாகும். குளிர்காலம் முடிந்து, துளிர் கிளம்பும் தருணமே சரியான காலம்.

எனினும், இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. டாக்வுட்டின் பூக்கள் முந்திய ஆண்டு வளர்ந்த தண்டுகளில்தான் பூக்கும். எல்லாத் தண்டுகளையும் ஆண்டுதோறும் வெட்டினால் பூ இருக்காது. பூ இல்லையென்றால் பழமும் இல்லை. தேனீக்கும் பறவைக்கும் உணவும் இல்லை. குளிர்காலச் சிவப்பு கிடைக்கும். மே மாத வெள்ளை கிடைக்காது. எதையுமே வெட்டாவிட்டால், பூவும் பழமும் கிடைக்கும். குளிர்காலத்தில் மங்கிய பழுப்புப் புதரே மிஞ்சும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் மார்ச் இறுதியில், மிகவும் முதிர்ந்த மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை மட்டும் அடியோடு வெட்டிவிட்டு, மற்றவற்றை விட்டுவைப்பதே அந்த வழி. வெட்டிய இடத்திலிருந்து புதிய சிவந்த தண்டுகள் கிளம்பும். விட்டுவைத்த தண்டுகளில் பூவும் பழமும் உண்டாகும். மூன்று ஆண்டுகளில் செடி முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடும். பச்சையம் குறைந்த வெள்ளை ஓர வகைகளுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. உணவு குறைவாகத் தயாரிக்கும் செடியை ஆண்டுதோறும் முழுவதும் வெட்டினால் அது நாளடைவில் வலுவிழக்கக்கூடும்.

எந்த முறையைப் பின்பற்றினாலும், நட்ட முதல் ஆண்டிலேயே கடுமையாக வெட்டக்கூடாது. வேர்கள் நன்கு ஊன்றுவதற்கு ஓரிரு ஆண்டுகள் தேவை. கவாத்து செய்த பிறகு தூரைச் சுற்றித் தொழுவுரமோ மக்கிய உரமோ இட்டு, மூடாக்குப் போட்டால் செடி விரைவில் தேறும்.

வெட்டிய தண்டிலிருந்து புதுச்செடி

குளிர்காலத்தில் எடுக்கும் தண்டுகளைக் கொண்டு புதிய செடிகளை உருவாக்கலாம். பென்சில் பருமனுள்ள நல்ல தண்டைத் தேர்ந்தெடுத்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் கீழ்முனையும் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். பிறகு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்ற வேண்டும். கீழ்முனையை மேலாக மாற்றி ஊன்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த இலையுதிர்காலத்துக்குள் வேர்விட்ட செடிகள் கிடைத்துவிடும்.

வெள்ளை ஓர வகைகளைப் பெருக்க இதுவே நம்பகமான வழி. விதையிலிருந்து முளைக்கும் செடிகளுக்குத் தாய்ச்செடியின் இரு நிறம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. வளரும் நுனியின் அடுக்கமைப்பு தண்டின் மூலமே அப்படியே தொடர்கிறது. எனவே, இன்று தோட்டங்களில் நிற்கும் ‘எலிகன்டிஸ்ஸிமா’ செடிகள் ஒன்றன் தண்டிலிருந்து மற்றொன்றாக, மனிதக் கைகள் வழியாகவே பெருகி வந்துள்ளன.

டாக்வுட்டின் ஆண்டுச் சுழற்சிக்குக் குளிர்காலம் தேவை. அதனால் சமவெளி வெப்பம் நிறைந்த கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அதன் சிவந்த தண்டுகளைக் காண்பது அரிது. ஆனால், இருநிற இலைச் செடிகளுக்கு இங்குப் பஞ்சமில்லை. பள்ளித் தோட்டத்தில் வெள்ளையோ மஞ்சளோ கலந்த இலைகளை உடைய செடி ஒன்று இருந்தால், அதை நெருங்கிச் சென்று பார்க்கலாம். அதில் முழுப் பச்சைக் கிளை ஒன்று மற்றவற்றைவிட உயரமாக எழுந்து நிற்கிறதா? நின்றால், வெளிப்பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றும் அந்தக் கிளை, அச்செடியின் அழகுக்கு எதிராக வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். அதை வெட்டுவதா, விடுவதா என்ற கேள்விக்கு, செடியின் இயல்பை அறிந்தவரே தயங்காமல் விடை சொல்ல முடியும்.